எழுபதுக்கு முப்பது

ஜனவரி 8, புதன்

இன்று முதல் சிற்றாறு பல்கலைக்கழகத்தின் இரண்டாவது சிறந்த ஆராய்ச்சியாளன் நான். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நுழைவாயிலில் துணைவேந்தர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த திரை சொல்கிறது. ஆசிரியரின் படம், எழுதிய கட்டுரைகள், உலகத்தில் எத்தனை பேர் அவற்றை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மொத்த மதிப்பெண். மதிப்பெண் வரிசையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. 'முனைவர் அடைக்கலராஜ், இணைப் பேராசிரியர், கணிதத் துறை' என்று வந்தபோது காவலாளி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். துணைவேந்தரின் காரைப் பார்த்து அடித்திருக்கலாம். எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

முதலிடம் வேதியியல் கோமதிநாயகம். தர உறுதி மையத்தின் இயக்குநர் அவர்தான்; மதிப்பெண் போடும் சூத்திரத்தை வகுத்தவரும் அவர்தான். சூத்திரம் போட்டவரே முதலில் வந்தது தற்செயல் என்று நம்புவோம்.

என் துறையின் ஜுலைகா மேடத்துக்கு நாற்பத்தொன்றாவது இடம். இதை விளக்கி எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் எனக்கே புரியாது. எங்கள் இருவருக்கும் இருப்பவை ஒரே கட்டுரைகள். பதினெட்டு வருடமாகச் சேர்ந்தே எழுதுகிறோம். கணிதத்தில் உலகம் முழுக்க ஒரு வழக்கம் உண்டு: எழுதியவர்களின் பெயர்களை ஆங்கில எழுத்து வரிசைப்படி போடுவோம். யார் அதிகம் செய்தார், யார் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. என் பெயர் 'ஏ'யில் தொடங்குகிறது, அவர் பெயர் 'இசட்'டில். ஆகவே எல்லாவற்றிலும் நான் முதல், அவர் இரண்டாவது. வேதியியல்காரர்களுக்கோ முதல் பெயர் என்றால் வேலையைச் செய்தவர் என்று பொருள். சூத்திரம் முதல் பெயருக்கு எழுபது சதவீதம் தருகிறது, இரண்டாம் பெயருக்கு முப்பது.

மாலையில் மேடம் என் அறைக்கு வந்து வாழ்த்தினார். "போட்டோவுல டை கோணலா இருக்கு சார்," என்றார். 

எங்கள் துறையில் ஒரே ஒரு பேராசிரியர் பணியிடம் நிரப்பப் போகிறார்கள் என்ற அறிவிப்பும் இன்றுதான் வந்திருக்கிறது. இருவருமே விண்ணப்பிக்கிறோம். திரையில் இருக்கும் மதிப்பெண்ணுக்குத்தான் பெரிய எடை.

ஜனவரி 9, வியாழன்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் நாளைக்கு வருகிறானாம். திரையில் என் படத்தை மாற்றச் சொல்லி மனு கொடுத்தேன்.

ஜனவரி 18, சனி

பொங்கல் விடுமுறையில் போன இடமெல்லாம் பேச்சு இதுதான். துபாயில் இருக்கும் மைத்துனன் திரையின் படத்தைத் தன் அலுவலகக் குழுவில் போட்டிருக்கிறான். என் மனைவி பிலோமிக்கு மட்டும் சிரிப்பு. மின்வாரியத்தில் கணக்குப் பார்ப்பவள். எந்த எண்ணைக் காட்டினாலும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பாள்.

"கேட் பக்கத்துல நின்னு உங்க படம் மறுபடி வாரது வரைக்கும் பாத்துட்டு நின்னியளாமே? எங்க ஆபீஸ் வரைக்கும் வந்துட்டு சேதி."

"மழைக்கு ஒதுங்கினேன்."

"தை மாசத்துலயா?"

நேற்று ஒரு தனியார் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு: 'உச்சம் தொட்ட ஆராய்ச்சியாளராவது எப்படி?' பொன்னாடை, மாலை, வாசலில் ப்ளெக்ஸ். நன்றாகவே பேசினேன். முடிவில் பின்வரிசையிலிருந்து ஒரு உதவிப் பேராசிரியை எழுந்தார். எங்கள் கட்டுரைகளை உண்மையாகவே படித்தவர். "சார், எல்லா பேப்பர்லயும் உங்ககூட ஜுலைகான்னு ஒரு பேர் வருதே, அவங்க உங்க ஸ்டூடண்டா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, உடன் பணியாற்றுகிறவர்," என்றேன். அவர் என்னைவிட நான்கு வருடம் மூத்தவர் என்பதையும் சொல்லியிருக்கலாம். உடனே தேசிய கீதம் போட்டுவிட்டார்கள்.

ஜனவரி 24, வெள்ளி

பிலோமி சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே கேட்டாள்.

"ஜுலைகாக்கா எப்ப ரிட்டயர் ஆகுதாவ?"

"அடுத்த வருஷம் ஜூன்."

"உங்களுக்கு?"

"இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு."

"அப்ப இந்த வாட்டி விட்டா அவங்களுக்கு வேற வாட்டி இல்ல."

அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சூத்திரத்தை நானா போட்டேன்? ஏ எழுத்தில் பெயர் வைத்தது என் அப்பாவின் குற்றமா? குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னேன். அவள் அப்பளம் பொரித்தாள். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தது. சொல்லவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

கோமதிநாயகத்தைப் பார்க்கப் போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை, நானாகத்தான் போனேன் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். கணித வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். மனிதர் உண்மையாகவே வியந்துபோனார்.

"அகர வரிசையா? என்ன சார், அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரா இது? எங்க லேப்ல முதல் பேருக்கு வெட்டுக்குத்தே நடந்திருக்கு!"

"எங்களுக்குள்ள அந்தச் சண்டையே வரக் கூடாதுன்னுதான் சார் அப்படி."

"சண்டை வராட்டா யாரு வேலை பார்த்தான்னு எப்படித் தெரியும்?"

சிரித்துவிட்டு, யோசித்து, ஒரு வழி சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. ஒவ்வொரு கட்டுரையிலும் யாருக்கு எத்தனை சதவீதப் பங்கு என்று நாங்கள் இருவரும் தனித்தனியே கணினியில் பதிய வேண்டும். கலந்து பேசக் கூடாது. பேசினால் இரண்டு பேர் சேர்ந்து ஏமாற்றுவதாகிவிடுமாம். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் அதையே எடுத்துக்கொள்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் பழைய சூத்திரம்தான்.

திரும்பி வரும்போது நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். என் இடத்தில் வேறொருவர் இருந்தால் அந்தப் படியேறியிருக்க மாட்டார்.

ஜனவரி 30, வியாழன்

மேடத்திடம் சொன்னேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். முகம் சிவந்துவிட்டது.

"சதவீதமா? பதினெட்டு வருஷத்த எப்படி சார் வெட்டுவீங்க? இந்த வரி உங்களுது, இந்த வரி என்னுதுன்னா?"

"வேற வழி இல்ல மேடம். பதியலன்னா எழுபது முப்பதுதான்."

"நாற்பத்தொண்ணாவது இடத்துல இருக்குறதுக்கு எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. கேட்டுப் போய் நிக்கிறதுக்குத்தான் வெக்கமா இருக்கு."

ஜன்னலை இழுத்துச் சாத்தினார். பிறகு, "சரி. பேசக் கூடாதுன்னா பேச மாட்டேன். நான் எனக்குத் தோணுறத எழுதுறேன், நீங்க உங்களுக்குத் தோணுறத எழுதுங்க," என்றார்.

நாங்கள் வேலை செய்யும் முறையை இங்கே எழுதிவைப்பது நல்லது. புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், இதுதான் எங்கள் உலகம். மேடம் ஒரு யோசனையோடு வருவார். ஒரு நிரூபணம் எழுதித் தருவார். நான் அதை வரிவரியாகப் படித்து எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவேன். ஓட்டை கண்ட இடத்தில் சிவப்பில் வட்டம். அவர் ஒரு வாரம் எடுத்து அடைத்துக்கொண்டு வருவார். மறுபடி படிப்பேன். உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் எங்கள் பெரிய கட்டுரைக்கு இப்படி நாலு சுற்று நடந்தது. அதில் மூன்றாவது ஓட்டையை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று இன்றும் சொல்வேன். நான் இல்லையென்றால் அது தப்பாகவே அச்சேறியிருக்கும்.

அவர் இல்லையென்றால் அச்சேற எதுவுமே இருந்திருக்காது.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுப் போய் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து பதிந்தேன். முதலில் எல்லாவற்றுக்கும் ஐம்பது ஐம்பது போட்டேன். அதுதான் நியாயம், மனசாட்சிப்படி அதுதான் கணக்கு. ஆனால் அனுப்பும் பொத்தானை அழுத்த வரவில்லை. ஐம்பது போட்டால் இருவருக்கும் சமமான மதிப்பெண் வரும். சமமென்றால் தேர்வுக்குழு வயதில் இளையவனைத்தான் எடுக்கும், அதிக நாள் வேலை பார்ப்பான் என்று. அவருக்கு இது கடைசி வாய்ப்பு.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அவருக்கு எழுபது, எனக்கு முப்பது என்று போட்டேன். ஒவ்வொரு கட்டுரைக்கும். அனுப்பிவிட்டேன்.

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. சொன்னால் செய்ததற்கு மதிப்பில்லை. பிலோமியிடம் மட்டும் சொன்னேன். துபாய் மைத்துனன் அந்த நேரம் பார்த்து போன் செய்ததால் அவனிடமும். என்னைப் பற்றி எனக்கே இவ்வளவு பெருமையாக இருந்த ஞாயிற்றுக்கிழமை இதுவரை வந்ததில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

முட்டாள். முட்டாள். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முட்டாள்.

பதிவின் முடிவு இன்று வந்தது. மேடம் எல்லாக் கட்டுரைக்கும் ஐம்பது ஐம்பது போட்டிருக்கிறார். நான் எழுபது முப்பது. ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. விதிப்படி பழைய சூத்திரம் நின்றுவிட்டது. முதல் பெயருக்கு எழுபது. அதாவது எனக்கு. கணினிப் பதிவும் மூடியாயிற்று, இனித் திறக்க மாட்டார்களாம்.

அவருக்கு எழுபது கொடுத்தேன். எழுபதும் திரும்பி என் மடியிலேயே வந்து விழுந்திருக்கிறது. ஐம்பதிலேயே விட்டிருந்தால் அவருக்கு ஐம்பதாவது கிடைத்திருக்கும். இரண்டு பேர் பேசாமல் முடிவெடுத்தால் என்னவாகும் என்பதை நான் வகுப்பிலேயே நடத்துகிறேன்.

மேடம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

"உங்ககிட்ட யாரு சார் இரக்கம் கேட்டா?"

"இரக்கம் இல்ல மேடம். உண்மையிலேயே உங்க பங்கு..."

"உண்மையா? அப்ப மூணாவது ஓட்டைய கண்டுபிடிச்சது யாரு? நானா? அது மட்டும் வெளிய போயிருந்தா இன்னைக்கு ரெண்டு பேர் மூஞ்சியும் கிழிஞ்சிருக்கும். உங்க வேலைய முப்பதுன்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவர் கோபம் தனக்குக் குறைந்ததற்காக அல்ல. நான் என் பங்கைக் குறைத்ததற்காக. 

"பாதின்னா பாதி. நீங்க குடுத்து நான் வாங்குற எடத்துல நான் இல்ல," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பிப்ரவரி 15, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 26, புதன்

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மேடத்திடம் சொன்னேன். இரண்டு வாரத்தில் நான் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"நீங்க வாபஸ் வாங்குனா அடுத்த நிமிஷம் நானும் வாங்குவேன். அந்த எடம் காலியா கெடக்கட்டும். சந்தோஷமா?"

"நேர்காணல்ல என்ன மேடம் சொல்லுவீங்க?"

"கேக்குறத சொல்லுவேன்."

பிலோமியிடம் சொன்னபோது, "அவ்வளவு ரோஷக்காரியோட பதினெட்டு வருஷம் எப்படித்தான் சண்டையில்லாம ஓட்டுனியளோ!" என்றாள். அதுதான் எழுத்து வரிசையின் அருமை என்று விளக்கத் தொடங்கினேன். அவள் டி.வி. சத்தத்தைக் கூட்டினாள்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிட்டது. நாற்பது நாள் கறி மீன் இல்லை. மேடத்துக்கும் நோன்பு தொடங்கி நாலு நாள் ஆகிறது. மாலையில் அவர் கணவர் காஜா பாய் ஸ்கூட்டரில் தூக்குவாளியோடு வந்தார்.

"கஞ்சி. உங்களுக்காகக் கறி போடாமத் தனியா காய்ச்சச் சொன்னா. பேச்சுவார்த்தை இல்லையாமே ரெண்டு பேருக்கும்?"

"அப்படியெல்லாம் இல்ல பாய்."

"என்கிட்ட அவ மூணு மாசம்கூடப் பேசாம இருந்திருக்கா. உங்களுக்கு மூணு வாரத்துல கஞ்சியே வந்துட்டு. பொழச்சுக்கிட்டீங்க."

இரண்டு டம்ளர் குடித்தேன்.

மார்ச் 20, வியாழன்

எல்லாவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் கூட்டிக் குறைத்து எழுதிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

நேர்காணல், துணைவேந்தர் அறைக்குப் பக்கத்திலிருக்கும் கருத்தரங்கக் கூடத்தில். குழுவில் துணைவேந்தர், பதிவாளர், கோமதிநாயகம், சென்னையிலிருந்து வந்த வல்லுநர் சேஷாத்ரி. கணிதம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பணி மூப்புப்படி மேடத்தை முதலில் கூப்பிட்டார்கள். வாசலில் போட்டிருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகும்போது, "எனக்கப்புறம் நீங்கதான சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி," என்றார். அவ்வளவுதான்.

கதவு சரியாக மூடவில்லை. உள்ளே பேசுவது கேட்டது. ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, நாற்காலியை அங்கே போட்டது அவர்கள்தான்.

"எல்லாக் கட்டுரையிலும் இரண்டாம் பெயராகவே இருக்கிறீர்களே, உங்கள் பங்குதான் என்ன?" என்றார் துணைவேந்தர்.

மேடம் எழுத்து வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போர்டு இருக்கு. எழுதிக் காட்டட்டுமா?" என்றார்.

அதன் பிறகு சுண்ணாம்புக் கட்டியின் சத்தம்தான். சேஷாத்ரி இடையிடையே கேட்டார், மேடம் பதில் சொன்னார், மறுபடி எழுதினார். எங்கள் பெரிய தேற்றத்தை இன்னும் பொதுவாக்கி ஒரு புதிய நிரூபணம். போன வருடத்திலிருந்தே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். முழுதாக எழுதி முடித்திருப்பது எனக்கே தெரியாது. நோன்பு வைத்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் இல்லாமல், மார்ச் வெக்கையில், நின்றுகொண்டே முக்கால் மணிநேரம்.  இந்த அம்மாவோடுதான் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன் என்று எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது.

வெளியே வந்தார். புடவை முந்தானை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். என்னைப் பார்க்காமல் போய் வராண்டாவின் கோடியில் நின்றுகொண்டார்.

நான் உள்ளே போனேன். பலகை நிறைய அவர் கையெழுத்து அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னார்கள். கோமதிநாயகம் என் மதிப்பெண்ணைப் படித்தார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. சேஷாத்ரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மிஸ்டர் அடைக்கலராஜ், இப்போ அந்த அம்மா ஒரு அருமையான புரூஃப் எழுதிட்டுப் போனாங்க. இப்படி ஒருத்தர் கூட இருக்கறச்சே நீங்க என்ன பண்ணினேள்? தப்பா எடுத்துக்காதீங்கோ."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? முகம் சுட்டது. "பலகையைப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டு எழுந்தேன்.

படித்தேன். அழகான வேலை. மேலிருந்து கீழே வந்தேன். வலது பக்கத்துக்கு வந்தேன். அங்கே, ஏழெட்டு வரிக்குக் கீழே, புள்ளிகளை இரண்டு சம கூட்டமாகப் பிரிக்கிறார். புள்ளிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் பிரியும். ஒற்றைப்படையாக இருந்தால்? ஒரு புள்ளி மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு நிரூபணத்தில் வழியே இல்லை.

ஓட்டை. சேஷாத்ரி பார்க்கவில்லை. மற்ற மூவருக்கும் பார்க்கத் தெரியாது.

இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: முதலில் தோன்றியது, வேலை எனக்குத்தான் என்பது. ஒரு வட்டம் போட்டுக் காட்டினால் போதும், என் பங்கு என்ன என்ற கேள்விக்குப் பதிலும் ஆயிற்று, அவர் கதையும் முடிந்தது. அடுத்து, எதுவும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. அதுவும் பெருந்தன்மைதான். ஆனால் என் பெருந்தன்மையின் லட்சணத்தைத்தான் போன மாதம் பார்த்தேனே. ஓட்டையைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல இருப்பது, மறுபடியும் நான் கொடுத்து அவர் வாங்குவது.

சிவப்புச் சுண்ணாம்பு இருந்தது. வட்டம் போட்டேன்.

"இங்கே ஒரு ஓட்டை இருக்கு சார். ஒற்றைப்படை எண்ணுக்கு இது நிக்காது."

சேஷாத்ரி எழுந்து பலகைக்கு வந்தார். பார்த்தார். "அடடே," என்றார். துணைவேந்தர், "அப்படியென்றால் நிரூபணம் தவறா?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா. பாதியில நிக்குது. எங்க எல்லாக் கட்டுரையும் இந்த இடத்துல நின்னுதான் வந்திருக்கு. அவங்க எழுதுவாங்க, நான் வட்டம் போடுவேன், அவங்க அடைப்பாங்க. நான் என்ன பண்ணேன்னு கேட்டீங்க. இதுதான். மீதியப் பார்க்கணும்னா மேடத்த உள்ள கூப்பிடணும்."

பதிவாளர், ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் கூப்பிட விதியில் இடமில்லை என்றார். சேஷாத்ரி, "விதிய அப்புறம் பார்த்துக்கலாம், எனக்கு இத பார்க்கணும்," என்று தானே போய்க் கதவைத் திறந்து கூப்பிட்டார்.

மேடம் வந்தார். பலகையைப் பார்த்தார், சிவப்பு வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க?"

"ஒற்றைப்படை, மேடம். ஒரு புள்ளி மிஞ்சுது."

"மிஞ்சுற புள்ளிய ரெண்டு பக்கத்துலயும் வச்சு எண்ணிட்டு அப்புறம் கழிச்சா?"

"ரெண்டு தடவை எண்ணுன கோடு?"

"அதையும் கழிக்கிறேன்."

"அப்ப சரி."

ஐந்தே வரி. எழுதி முடித்துவிட்டார். வழக்கமாக ஒரு வாரம் எடுப்பவர், இன்று நின்ற இடத்தில் அடைத்துவிட்டார். மீண்டும் மேலிருந்து கீழே படித்தேன். ஓட்டை இல்லை. "நிக்குது மேடம்," என்றேன். சேஷாத்ரி மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்தக் கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருப்பதுபோல இருந்தது.

"இத எந்தச் சூத்திரத்துல சார் போடுவேள்?" என்று கோமதிநாயகத்தைக் கேட்டார் சேஷாத்ரி. அவர் குறிப்பெழுதிக்கொண்டார்.

துணைவேந்தர் கடைசியாக என்னைப் பார்த்து, "இடம் ஒன்றுதான் இருக்கிறது, தெரியுமல்லவா?" என்றார்.

"தெரியும் ஐயா. வட்டம் போடுறவன விட ஓட்டைய அடைக்கிறவங்கதான் பேராசிரியரா இருக்கணும்." மேடம் முறைத்தார். "இது இரக்கம் இல்ல மேடம்," என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். காஜா பாய் பிரியாணி கொண்டுவந்தார். தவக்காலம் என்பதை நினைவு வைத்து எங்களுக்குத் தனியாகக் காய்கறி பிரியாணி. பிலோமி பாத்திரத்தைத் திறந்து முகர்ந்துவிட்டு, "கறி பிரியாணிய வேற யாருக்கோ குடுத்துட்டாவளே," என்று பெருமூச்சு விட்டாள். அது பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

ஆணை வந்துவிட்டது. பேராசிரியர் ஜுலைகா. கூடவே ஒரு சுற்றறிக்கை: இனிமேல் கணிதத் துறையில் பெயர் வரிசைக்கு மதிப்பெண் கிடையாது, பங்கு எல்லோருக்கும் சமம். கோமதிநாயகம் கையெழுத்து. சேஷாத்ரி அன்றே கையோடு பரிந்துரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

திரையில் மேடமும் நானும் ஒரே மதிப்பெண்ணோடு பக்கத்துப் பக்கத்தில் வருகிறோம். ஏறக்குறைய இருபதாவது இடம். என் டை இப்போது நேராக இருக்கிறது. காவலாளி சல்யூட் அடிக்கவில்லை.

"வயிறு எரியலையா?" என்று பிலோமி கேட்டாள். கொஞ்சம் எரிந்தது என்று ஒத்துக்கொண்டேன். கொஞ்சம்தான். மற்றபடி, கழுத்து வலிக்கும் அளவுக்குத் தலையை நிமிர்த்தி நடந்தேன். பேராசிரியர் ஆகாதவன் இவ்வளவு பெருமையோடு நடந்ததை எங்கள் துறை பார்த்திருக்காது.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் அலுவலக உதவியாளர் சுடலைக்கண்ணு கோப்பு கொண்டுவந்தார். நேர்காணல் அன்று கூடத்துக்குப் பொறுப்பு அவர்தான். பேச்சுவாக்கில் சொன்னார்:

"அன்னைக்கு மேடம் வெளிய வரும்போது போர்டை அழிக்கப் போனேன் சார். அவிய தடுத்துட்டாவ. 'அழிச்சிராத சுடலை, அடுத்து வார சாருக்கு வேணும். செவப்புச் சாக்பீஸ் ஒண்ணு அங்க வை'ன்னு யாருக்கும் கேக்காமக் காதோட சொல்லிட்டுப் போனாவ."

அவர் போனபிறகு கோப்பை ஓரமாக வைத்துவிட்டு அந்த நிரூபணத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன்.

ஒற்றை, இரட்டை என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை என்று மாணவர்களைத் திட்டுகிற மனுஷி அவர். அவர் எழுதியதில் எத்தனையோ வகை ஓட்டை கண்டிருக்கிறேன். இந்த வகை ஒருநாளும் கண்டதில்லை. ஒரு வாரம் எடுக்கும் வேலையை நின்ற இடத்தில் ஐந்து வரியில் முடித்ததற்கும் இப்போது காரணம் தெரிகிறது. சதவீதத்தில் எழுத முடியாத என் பாதியை, அந்த நாலு பேரும் கண்ணால் பார்க்கட்டும் என்று அங்கே ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

அந்த இடத்தை வைத்து நான் அவரைக் கவிழ்த்திருக்கலாம். அவருக்கு இருந்த கடைசி வாய்ப்பு அது. சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுக்கும்வரை, கவிழ்க்க மாட்டேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது.

எழுந்து அவர் அறைக்குப் போனேன். புதிய பெயர்ப்பலகையை ஆணியடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், அன்னைக்கு ஒற்றைப்படைய மறந்துட்டீங்களே?"

அவர் தலையைத் தூக்கவில்லை. ஒரு தாளைப் புரட்டினார்.

"வயசாகுதுல்ல சார்," என்றார்.

"ஆமா மேடம்," என்றேன்.

மேலே எழுதிய சந்தேகங்களுக்கெல்லாம் ஆதாரம் இல்லை. பேராசிரியர் ஜுலைகா ஒற்றைப்படை எண்ணை மறந்துவிட்டார். இணைப் பேராசிரியர் அடைக்கலராஜ் கண்டுபிடித்தான். அவர் அப்படித்தான் இருக்கட்டும் என்கிறார், நானும் அப்படியே எழுதிவைக்கிறேன்.